மன்னார்க் கடல் முத்தும் யாழ்ப்பாண அரசும்

ஒவ்வொரு நாட்டினரும் தமக்கு அண்மையிற் கிடைத்த மணியையே முதலில் அணிந்து மகிழ்ந்தனர். பண்டை எகிப்தியர் சீனாய்ப் பகுதியில் அகழ்ந்தெடுத்த நீலப்பசுமை வாய்ந்த பிரோசாக் கல்லைப் பொன்னிற் பதித்தனர். பாரசீகர் நிசாப்பூர்ச் சுரங்கங்களில் அதே கல்லை எடுத்து, வெற்றியைக் குறிக்கும் தம் மொழிச் சொல்லோடு உறவுடைய பெயரால் அதனை வழங்கினர். இலங்கையின் தெற்கே இரத்தினபுரிப் பள்ளத்தாக்குகள் நீலமும் செம்மணியும் தந்தன. யாழ்ப்பாணக் குடாநாடோ சுண்ணாம்புக்கற் பாறைமேற் படர்ந்த தட்டை நிலம். அங்கே மலையுமில்லை, ஆறுமில்லை. ஆகவே ஆற்று மணலில் அரித்தெடுக்கும் மணியுமில்லை. அந்நாட்டார்க்கு வாய்த்த மணி கடலில் விளைந்தது. குடாநாட்டுப் பாறையும் முத்தும் வேதியியல் நோக்கில் ஒரே பொருளாலாயவை என்பது வியப்புக்குரியது. இரண்டும் சுண்ணாம்புச் சத்தே. ஒன்றைக் கிணறு வெட்டுவோர் உடைத்து எறிகின்றனர்; மற்றொன்றை மன்னர் முடியிற் சூடினர்.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் அச்சத்து அடுக்கப்பட்டுள்ள முறையேயாகும். சிப்பியின் உடலை மூடியுள்ள மெல்லிய தோல், தன் ஓட்டின் உட்புறத்தைப் பூசுதற்குச் சுரக்கும் பொருளையே உள்ளே அகப்பட்ட ஊறுபொருளைச் சுற்றியும் பூசுகின்றது. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய தகடுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்மேலொன்றாகப் படிகின்றன. அவற்றினூடே புகும் ஒளி பலகாலும் மீண்டு கலப்பதனால் முத்தின் நீரோட்டம் தோன்றுகின்றது. ஏனைய மணிகள் பட்டை தீட்டப்பட்ட பின்னரே ஒளி வீசுவன. முத்துக்குச் சாணை வேண்டுவதில்லை. கடலிலிருந்து வந்தவாறே அது அணியத்தக்கது. மணி வெட்டும் கருவிகள் திருந்தாத காலத்து மாந்தர்க்கு முத்து ஏனைய மணிகளினும் உயர்வாகத் தோன்றியமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

முத்துச் சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் திட்டுகளைத் தமிழ் மீனவர் 'பார்' என வழங்குவர். மன்னார்த் தீவுக்குத் தெற்கே, அரிப்புத் துறைக்கு எதிர்ப்புறமாகச் சில மைல் தொலைவில், ஐந்து முதற் பத்துப் பாகம் வரை ஆழமுள்ள நீரில் இப்பார்கள் பரந்துள்ளன. பெரியபார், சேவல்பார், மோதரகம்பார் என்னும் பெயர்கள் பிற்காலத்து ஆங்கில அறிக்கைகளிலும் தமிழ்ச் சொற்களாகவே இடம்பெற்றன. முத்துக் குளிப்பு நடைபெறும் பருவத்திற்குச் 'சலாபம்' என்பது பெயர். மேற்குக் கரையிலுள்ள சிலாபம் என்னும் ஊர்ப்பெயர் இச்சொல்லின் திரிபே என்பர். இக்கடலின் மறுகரையில் கொற்கையும் தூத்துக்குடியும் உள்ளன. ஒரே வளைகுடாவின் இரு கரைகளிலும் இரு அரசுகள் இருந்தமையால், பார்கள் எவருக்குரியவை என்னும் வினா தொன்றுதொட்டே எழுந்து வந்துள்ளது.

இம்முத்தின் பழமைக்குச் சான்றுகள் பல. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் முத்து வகைகளைக் கூறுமிடத்துத் தாமிரபரணி முத்தையும் பாண்டிய கவாடத்து முத்தையும் முதலில் வைக்கின்றது. தேவநம்பிய தீசன் முடிசூடிய காலத்தில் எண்வகை முத்துக்கள் கடலிலிருந்து தாமே கரையேறின என்று மகாவமிசம் கூறும். குதிரை முத்து, யானை முத்து, தேர் முத்து, நெல்லிக்கனி முத்து என்றவாறு அவை வகுக்கப்பட்டுள்ளன. தாமே கரையேறின என்பது புராண வழக்கு. ஆயினும் அசோகனுக்கு அனுப்பப்பட்ட கையுறைகளில் அவ்வெண்வகை முத்துக்களும் இருந்தன என்னும் செய்தி, இந்நாட்டின் மதிப்பு எதனால் அளக்கப்பட்டது என்பதைக் காட்டும். கிறித்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடற் பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூல், கொற்கையில் முத்துக் குளித்தோர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கின்றது. அணிவோர் சிறப்பை விரிக்கும் நூல்கள் பல. குளிப்போர் நிலையைத் தொட்டுச் செல்லும் நூல்கள் சிலவே.

உரோமாபுரியில் முத்துமோகம் எல்லை கடந்திருந்தது. இந்தியா, சீனம், அரேபியா ஆகிய நாடுகள் ஆண்டுதோறும் பத்துக்கோடி செசுத்தர்சு நாணயங்களை உரோமப் பேரரசிலிருந்து இழுத்துக் கொள்கின்றன என்று பிளினி வருந்தினார். உலோலியா பவுலினா என்னும் சீமாட்டி, ஒரு சாதாரண மணவுறுதி விருந்துக்கு நான்கு கோடி செசுத்தர்சு பெறுமதியான முத்தும் மரகதமும் அணிந்து வந்ததைத் தாமே கண்டதாகவும் அவர் எழுதினார். தமிழிலோ முத்து ஒரு காப்பியத்தின் கதைமுடிச்சாகவே அமைந்தது. பாண்டிமாதேவியின் சிலம்பிலிருந்த பரல் முத்து. கண்ணகியின் சிலம்பிலிருந்த பரல் மாணிக்கம். முத்து பாண்டியநாட்டின் இயல்பான செல்வமாதலின் அரசியின் சிலம்பில் அஃது இருந்தமை எவருக்கும் வியப்பன்று. வணிகன் மனைவியின் சிலம்பில் அயல்நாட்டு மணி இருந்தமையே வழக்கைத் தீர்த்தது. கடல் வாணிகத்தின் வரலாற்றை ஆராய்வோர் இந்நுட்பத்தைக் கருதுதல் தகும்.

முத்தை எவ்வளவு நுணுகி ஆராய்ந்தனர் என்பதற்குத் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்களினும் சிறந்த சான்று வேறில்லை. முதலாம் இராசராசனும் அவன் சுற்றத்தாரும் அளித்த அணிகலன்களை விவரிக்கும் அக்கல்வெட்டுக்கள், ஒவ்வோர் அணியிலும் கோக்கப்பட்ட முத்துக்களை எண்ணி, நிறுத்து, வகைப்படுத்திக் கூறுகின்றன. வட்டம், அனுவட்டம், ஒப்பு முத்து, குறு முத்து, நிம்பொளம், பயிட்டம், அம்புமுது, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து என வரும் பெயர்களிற் சில இன்று பொருள் விளங்காதனவாகிவிட்டன. குளிர்ந்த நீரும் சிவந்த நீரும் உடையன என நிறவேறுபாடும் குறிக்கப்பட்டுள்ளது. முத்தின் ஒளியை 'நீர்' என்று அழைத்த வழக்கு இன்றும் நகை வணிகரிடையே உண்டு. கடவுளுக்கு ஈந்த பொருளிலே கறடும் சப்பத்தியும் இருந்தன என்பதை மறைக்காது கல்லில் வெட்டிய கணக்கரின் நேர்மை பாராட்டத்தக்கது. சோழர் காலத்துப் பொற்கொல்லருக்கும் கோயிற் கணக்கருக்கும் இருந்த முத்தறிவு பரம்பரையாக வந்த ஒரு தனிக் கல்வியேயாகும். இதனோடு ஒப்பிட்டால், மூங்கிலிலும் கரும்பிலும் முகிலிலும் பாம்பின் தலையிலும் முத்துப் பிறக்கும் என்ற புலவர் மரபு கற்பனை வளமுடையதேயன்றிக் கடைத்தெருவிற்குப் பயன்படுவதன்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பாண்டியர் படைத்தலைவனான ஆரியச்சக்கரவர்த்தி யாப்பகூவா மீது படையெடுத்தான். அதனையடுத்த காலத்தே ஆரியச்சக்கரவர்த்திகள் நல்லூரைச் சூழ்ந்த நாட்டில் நிலைபெற்று அரசாண்டனர். அப்படையெடுப்புக் காலத்தையொட்டி, 1283ஆம் ஆண்டில், முதலாம் புவனேகபாகு எகிப்து நாட்டுச் சுலுத்தானிடம் தூதனுப்பினான். தன்னிடம் முத்தும் மணியும் யானையும் உள்ளன என்று அம்மன்னன் வாணிகத்தை வேண்டினான். முத்துப் பார்களை அடுத்த கடலில் அதிகாரம் செலுத்துவோர் யார் என்னும் போட்டி அக்கால அரசியலின் உள்ளீடாக இருந்தமையை இச்செய்தி உணர்த்துகின்றது. சில ஆண்டுகளின் பின் அவ்வழியே வந்த மார்க்கோ போலோ, வளைகுடாவில் ஏப்பிரில் மாதந் தொடங்கி மே மாத நடுப்பகுதிவரை முத்துக் குளிப்பு நடைபெற்றதையும், பத்திலொரு பங்கு அரசனுக்கும் இருபதிலொரு பங்கு சுறாமீனை மந்திரத்தாற் கட்டுவோர்க்கும் சென்றதையும் குறித்தார். இம்மந்திரக்காரர் தமிழிற் 'கடல்கட்டிகள்' எனப்பட்டனர். பகலில் மட்டுமே மந்திரம் செல்லும். இரவில் அதனை அவிழ்த்து விடுவர். இரவில் எவரும் களவாகக் குளிக்காதிருத்தற்கு இஃது ஏற்ற காவலாயிற்று. இவர்களில் நம்பிக்கையற்ற ஆங்கில அரசாங்கமும், இவர்கள் இன்றிக் குளிப்போர் கடலில் இறங்காராகையால், பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் கூலி கொடுத்து இவர்களை வைத்திருந்தது.

யாழ்ப்பாண மன்னனையும் முத்தையும் நேரிற் கண்டு எழுதியவர் இபின் பதூதா. 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து புறப்பட்ட அவர், காற்றினால் அலைக்கப்பட்டுப் புத்தளத் துறையில் இறங்கினார். அங்கே தங்கியிருந்த ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்றான். பாரசீக மொழி அறிந்த அம்மன்னனோடு உரையாடல் எளிதாயிற்று. அவ்வேளை மன்னன் முன்னிலையில் அவனது குளிப்பில் எடுத்த முத்துக்கள் குவிக்கப்பட்டிருந்தன. அலுவலர் நல்லனவற்றைத் தெரிந்து பிரித்துக் கொண்டிருந்தனர். பாரசீகக் குடாவின் முத்துத் தீவுகளைக் கண்டதுண்டோ என மன்னன் வினவினான். கண்டதுண்டு என்றார் பதூதா. சில முத்துக்களைக் கையிலெடுத்து, இவை போல்வன அங்கே உண்டோ என்றான். இவற்றுக்கு ஈடாக ஒன்றும் கண்டிலேன் என விடை வந்ததும் மகிழ்ந்து, அம்முத்துக்களை அவருக்கே அளித்துவிட்டான். சிவனொளிபாதமலைக்குச் செல்லும் வழித்துணையையும் கொடுத்தான். விருந்தினர் விடையில் முகமன் கலந்திருக்கலாம். ஆயினும் மன்னன் கேட்ட கேள்வி கருதத்தக்கது. தன் முத்துக்குப் போட்டியான முத்து எங்கே எடுக்கப்படுகின்றது என்பதை அவன் அறிந்திருந்தான். உலகச் சந்தையின் நிலையை விசாரித்தறியும் வணிக அரசன் ஒருவனையே அங்கே காண்கின்றோம்.

இதனைக் கொண்டு யாழ்ப்பாண அரசின் திறைசேரி முத்தினாலேயே நிறைந்தது என முடிவு செய்வார் உளர். அம்முடிவு ஆராயத்தக்கது. முத்துச் சிப்பி ஆண்டுதோறும் அறுக்கும் நெற்பயிரன்று. குஞ்சாகப் பாரில் ஒட்டிய சிப்பி, எடுக்கத்தக்க முத்துக் கொள்ளுதற்கு நான்கைந்து ஆண்டுகள் வேண்டும். அதற்குள் பருவக்காற்றுக் கிளப்பும் மணல் அதனை மூடலாம், மீன்கள் உண்ணலாம். ஒல்லாந்தர் காலத்தில் 1732 முதல் 1746 வரையும், மீண்டும் 1768 முதல் 1796 வரையும் இக்கரையில் முத்துக் குளிப்பு நடைபெறவில்லை. பிந்திய இடைவெளிக்குச் சிப்பியின்மையோடு ஆர்க்காட்டு நவாபுடன் நேர்ந்த உரிமை வழக்கும் காரணமாயிற்று. ஆங்கிலேயர் காலத்தில் 1820 முதல் 1828 வரை குளிப்பில்லை. 1837க்குப் பின் 1855 வரையும் இல்லை. 1891க்குப் பின் 1903 வரையும் இல்லை. கணக்கு வைத்து, பாரை அளந்து, ஆண்டுதோறும் சோதித்த அரசாங்கங்களுக்கே முத்து இவ்வாறு ஒளித்து விளையாடியதெனின், ஆரியச்சக்கரவர்த்திகளுக்கு மட்டும் ஆண்டு தவறாது அள்ளிக் கொடுத்தது எனக் கொள்ளுதல் பொருந்தாது. யானை வாணிகமும் துறைமுக வரியும் நிலவரியுமே அவ்வரசுக்கு நிலையான ஊன்றுகோல்களாயிருந்திருத்தல் வேண்டும். முத்துத் தந்தது வருவாயைக் காட்டிலும் பெயரே மிகுதி. அப்பெயரே பகையையும் அழைத்து வந்தது.

மறுகரையில் அப்பகை முன்னரே தொடங்கிவிட்டது. முத்துக் குளிப்புரிமை பற்றிப் பரதவருக்கும் முசுலிம் வணிகருக்கும் எழுந்த பூசலிற் போர்த்துக்கேயர் தலையிட்டனர். அதன் விளைவாக 1530களிற் பரதவர் பெருந்தொகையினராய்க் கிறித்தவராயினர். மதமாற்றம் எனச் சமயநூலார் கூறும் அந்நிகழ்ச்சியின் அடியிலே கிடந்தது பார்களின் உரிமையே. அச்சமயம் மன்னாருக்கும் பரவியபோது, 1544ஆம் ஆண்டிற் சங்கிலி மன்னன் அங்கு மதம் மாறியோரைக் கொல்வித்தான். இக்கொடுமையைச் சமயவெறி ஒன்றினாலேயே விளக்க முற்படுவோர், மன்னாரை இழந்த அரசு முத்துக் கடலையும் இழக்கும் என்பதை மறந்துவிடுகின்றனர். சங்கிலியின் செயலை நியாயப்படுத்துதல் இயலாது. அவனது அச்சம் ஆதாரமற்றதன்று. 1560ஆம் ஆண்டிற் கொன்சுதந்தீனு த பிரகன்சா நல்லூர்மேற் படையெடுத்தான். யாழ்ப்பாணத்தை அவனால் நிலையாகப் பிடித்திருக்க முடியவில்லை. மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினான். மறுகரைப் புன்னைக்காயலிலிருந்து பரதவர் பலர் அங்கே குடியேற்றப்பட்டனர். அன்றே யாழ்ப்பாண அரசின் முத்துக் கடல் கைநழுவிவிட்டது. 1591இற் போர்த்துக்கேயப் படை மீண்டும் வந்து மன்னனைக் கொன்று, தமக்கிணங்கிய ஒருவனை அரியணையேற்றியதும், 1619இற் சங்கிலி குமாரன் சிறைப்பட்டுக் கோவாவிற் கொல்லப்பட்டதும் அதன்பின் வந்த கதை. 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின.

1796இல் வந்த ஆங்கிலேயர், நீண்ட ஓய்விற்குப் பின் சிப்பி நிறைந்து கிடந்த பார்களைக் கண்டு பெருவேட்கை கொண்டனர். 1798ஆம் ஆண்டுக் குளிப்பு ஒன்றே ஒரு இலட்சத்து நாற்பதினாயிரம் பவுணுக்கு மேற்பட்ட வருவாயைத் தந்தது. அடுத்தடுத்து மூன்றாண்டுகள் அள்ளியதனாற் பார் வறண்டது. முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோத்து, முத்துக் குளிப்பை மேற்பார்வையிடுவதற்கென அரிப்புக் கடற்கரையிற் கிரேக்கத் தூண்முறை தழுவிய மாளிகை ஒன்றைக் கட்டுவித்தார். 'டோரிக்' எனப்பட்ட அம்மாளிகையின் இடிந்த செங்கற் சுவர்களைக் கடல் அரித்து வருகின்றது.

சலாபம் கூறப்பட்டதும் வெறும் மணற்காடு சில வாரங்களில் நகரமாகும். கீழக்கரை, தூத்துக்குடி, காயல் முதலிய மறுகரை ஊர்களிலிருந்தும், யாழ்ப்பாணம் மன்னார்ப் பகுதிகளிலிருந்தும், பாரசீகக் குடாவிலிருந்தும் குளிப்போர் வருவர். செட்டிமாரும் பம்பாய் வணிகரும், துளையிடுவோரும், சோற்றுக்கடைக்காரரும், கள்வரும் உடன் வருவர். விடியற்காலத் தரைக்காற்றிற் புறப்படும் தோணிகள் பிற்பகற் கடற்காற்றிற் கரை திரும்பும். தமிழர் கயிற்றிற் கட்டிய கல்லைக் காலால் மிதித்து ஆழம் செல்வர். அராபியர் கொம்பினாலான கொளுவியால் மூக்கையும் அடைத்துக் கொள்வர். ஒரு முழுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். அதற்குள் கையெட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரிக் கயிற்றை அசைத்தல் வேண்டும். கரையிலே வேலியடைத்த 'கொட்டு' என்னும் பெருவளவுக்குள் ஒவ்வொரு தோணியின் சிப்பியும் மூன்று சமகுவியலாக்கப்படும். அவற்றில் இரண்டை அரசாங்க அலுவலர் தெரிந்தெடுப்பர்; எஞ்சிய ஒன்று குளித்தோர்க்கு. பங்கிட்டவனே பங்கைத் தெரிந்தெடுப்பதில்லையாதலால் குவியல்கள் நேர்மையாகவே அமைந்தன. அன்று மாலையே அரசாங்கப் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலத்திற் போகும். ஓட்டினுள்ளே முத்துண்டோ இல்லையோ என்பதை விற்பவனும் அறியான், வாங்குபவனும் அறியான். ஏலமெடுத்தோர் சிப்பியைத் தொட்டிகளிற் பல நாள் அழுகவிட்டு, கடல்நீராற் கழுவி, அடியில் தங்கும் மண்டியை அரித்து முத்தெடுப்பர். அந்நாற்றம் பல மைல் செல்லும். யாழ்ப்பாணக் கச்சேரியில் 1905இற் பணிதொடங்கிய இளம் அலுவலர் லெனாட் வுல்ப், மறு ஆண்டில் மரிச்சுக்கட்டிக் குளிப்பில் கடமையாற்றினார். அந்நாற்றத்தையும், ஈக்களையும், கூலியாளரின் இறப்பையும் பின்னாளில் தம் வரலாற்றிலும் ஒரு சிறுகதையிலும் எழுதினார்.

எடுத்த முத்தைத் துளையளவு வேறுபட்ட பித்தளைச் சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாக இட்டுப் பருமன் பிரிப்பர். பின்னர் உருண்டையும் நீரும் நோக்கி ஆணிமுத்து முதல் தூள் வரை தரம் வகுப்பர். மஞ்சாடியாலும் கழஞ்சாலும் நிறுத்து, நிறையைத் தன்னாற் பெருக்கி விலை காண்பது பழைய முறை. எனவே இருமடங்கு நிறையுள்ள முத்துக்கு விலை நான்கு மடங்காகும். தூளும் வீணாவதில்லை, சித்த வைத்தியர் அதனை முத்துப் பற்பமாக்குவர்.

முத்து ஏன் பிறக்கின்றது, பார் ஏன் வறள்கின்றது என்பவற்றை ஆராய 1902இல் உவில்லியம் ஏட்மன் என்னும் பேராசிரியர் வரவழைக்கப்பட்டார். அவர் துணைவர் சேம்சு ஓர்னெல் பார்களைப் பல்லாண்டு சோதித்தார். புழுவின் முட்டைப்புழுவே முத்தின் கரு என்ற ஏட்மனின் கொள்கை பிற்காலத்தார்க்கு உடன்பாடாகவில்லை. சிப்பித் தோலின் உயிரணுக்கள் இடம்பெயர்ந்து பையாவதே முதன்மையான காரணம் எனக் கண்டனர். 1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்திற்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா கிடைத்தது. அறிவியல் வென்றது என அனைவரும் எண்ணினர். மறு ஆண்டே ஆங்கில நிறுவனம் ஒன்று பார்களை இருபது ஆண்டுக்குக் குத்தகையெடுத்தது. 1907ஆம் ஆண்டிற்குப் பின் சிப்பி மறைந்தது. சில ஆண்டுகளுள் நிறுவனமும் கலைந்தது. 1925இல் நடைபெற்றதே இக்கரையிற் பழைய முறையில் நிகழ்ந்த கடைசிப் பெருங் குளிப்பு. தூத்துக்குடிக் கரையில் 1961 வரை குளிப்பு நடைபெற்றது.

அதற்குள் யப்பான் தேயத்து மிக்கிமோத்தோ 1893இல் அரைமுத்தையும், அவரும் பிறரும் பின்னர் முழுமுத்தையும் சிப்பியில் வளர்த்தெடுத்தனர். 1920களில் ஐரோப்பியச் சந்தையை வளர்ப்பு முத்து நிரப்பியது. 1930க்குப் பின் பாரசீகக் குடாவின் குளிப்பும் வீழ்ந்தது. தூத்துக்குடி ஆய்வு நிலையத்தில் 1973இல் இந்திய அறிஞரும் மன்னார் வளைகுடாச் சிப்பியிலேயே வளர்ப்பு முத்தை உண்டாக்கினர். இயற்கை முத்தையும் வளர்ப்பு முத்தையும் கண்ணாற் பார்த்துப் பிரித்தறிதல் அரிது. ஊடுகதிர்ப் படமே உள்ளிருக்கும் கருவைக் காட்டும்.

யாழ்ப்பாணத்துப் பழைய குடும்பங்களிலே பதக்கத்தின் கீழ்த் தொங்கும் குஞ்சமாகவும், சிமிக்கியைச் சூழ்ந்த மணிகளாகவும், புல்லாக்கின் ஒற்றைத் துளியாகவும் சிறு முத்துக்கள் காணப்படும். உருண்டை குறைந்து நிறமும் ஒவ்வாத அவை, வில்துளையிடும் கருவியால் இரு பக்கமும் துளைக்கப்பட்டனவாயின், வளர்ப்பு முத்துத் தோன்றுதற்கு முற்பட்டனவாகவே இருத்தல் கூடும். பழைய நகை புதுமோடிக்கு மாற்றப்படும்போது கல்லும் முத்தும் கழற்றப்பட்டுப் பொன் மட்டுமே நிறுக்கப்படுகின்றது. கன்னாதிட்டியிலும் கஸ்தூரியார் வீதியிலும் தராசுத் தட்டுக்கு வெளியே ஒதுக்கப்படும் அம்முத்துக்களுக்கு எவரும் நிறை கேட்பதில்லை.